சின்னப் பள்ளிக்கூடம், கையில 4 இலட்சம்: படிப்பிக்க ஆள் வைக்கிறதோ, ரொயிலற் திருத்திறதோ?

ரெண்டு பிள்ளையின்ர அம்மா

எல்லாருக்கும் வணக்கம். எங்கட ஊர்ப் பள்ளிக்கூடம் யாழ்ப்பாணப் பக்கம் ஒரு சின்ன மாகாணப் பாடசாலை, முதலாம் வகுப்பில இருந்து ஓ.எல் (பதினொராம் வகுப்புப் பொதுச் சோதனை) வரைக்கும் தான், எல்லாமா 130 பிள்ளையள் வரும். இந்த முறை பாடசாலை அபிவிருத்திச் சங்க நிர்வாகத்துக்கு என்னையும் தெரிவு செய்து விட்டிட்டினம். வாற கிழமை வருசத் திட்டத்துக்குக் காசு ஒதுக்கிற கூட்டம், அதுக்கு முதல் விசயம் தெரிஞ்ச ஆக்களிட்ட ஒருக்காக் கேப்பம் எண்டு தான் எழுதிறன்.

பெற்றோரிட்டச் சேர்ந்தது, விளையாட்டுப்போட்டிச் செலவு போக மிஞ்சினது, வெளிநாட்டில இருக்கிற பழைய மாணவர் அனுப்பினது எல்லாம் சேத்து 4 இலட்சம் ரூபா கையில இருக்கு. கணித சேர் தை மாத இடமாற்றத்தோட போயிட்டார், பதிலீடு இன்னும் வரேல்லை. இங்கிலிஸ் ரீச்சர் இப்ப தான் பிரசவ லீவில போனவ. ரெண்டு பாடத்துக்கும் ஊருக்குள்ள கம்பஸ் முடிச்சிட்டு நிக்கிற ரெண்டு பிள்ளையள் வந்து படிப்பிக்கினம், ஆளுக்கு மாசம் 15,000 குடுக்கிறதா யோசிச்சிருக்கிறம், அது காணாது எண்டும் தெரியும். கணிதம் படிப்பிக்கிற பிள்ளை தன்ர காசில போட்டோக்கொப்பி அடிச்சுக்கொண்டு வந்து பத்தாம் வகுப்புக்குக் குடுக்கிறா. வருசம் முழுக்க ரெண்டு பேருக்கும் குடுத்தா 3 இலட்சத்து 60 ஆயிரம், அதோட காசு முடிஞ்சுது.

மற்றப் பக்கம் பெட்டையளின்ர ரொயிலற். மூண்டில ஒண்டு தான் பாவிக்கலாம், அதுக்கும் கொழுக்கி இல்லை, ஒரு பிள்ளை உள்ளுக்குப் போனா இன்னொரு பிள்ளை வெளியில நிண்டு கதவைப் பிடிக்கோணும். மேசனைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினம், மூண்டையும் திருத்த ரெண்டரை இலட்சத்துக்குக் குறையாது எண்டுறார். இதுக்கிடையில பழைய மாணவர் நுழைவாயில் வளைவு ஒண்டு கட்டித் தாறம் எண்டு தனியாக் காசு சேக்கினம்.

அதிபர் நல்ல மனுசன், அவரும் ஓடித்திரிஞ்சு கேட்டவர், மேல கேட்டா "உங்களுக்கு ஆளணிக்கு மேல ஆசிரியர் இருக்கு", அதாவது அனுமதிச்ச எண்ணிக்கையை விடக் கூட இருக்கு எண்டு தான் மறுமொழி வருகுது. கணிதம் படிப்பிக்க ஆளில்லாமல் எப்பிடிக் கூட எண்டு எனக்கு விளங்கேல்லை. நீங்கள் எண்டால் எதுக்கு முதல் குடுப்பியள்?

ஓய்வுபெற்ற அதிபர்

தங்கச்சி, நல்ல கேள்வி. "ஆசிரியர் கூட" எண்ட கதையை முதல் சொல்லுறன். தலைக்கணக்குப் பாத்தா சின்னப் பள்ளிக்கூடங்களில ஆசிரியர் கூடத் தான் தெரியும், ஏனெண்டால் 130 பிள்ளை எண்டாலும் வகுப்பு 11 இருக்கு. ஆனால் பாடக்கணக்கு வேற. கணிதத்துக்குக் கிழமைக்கு அஞ்சு பாடவேளை எண்டு வச்சா ஆறாம் வகுப்பில இருந்து பதினொண்டு வரைக்கும் 30 பாடவேளை, ஒரு முழு ஆளின்ர வேலை. அந்த முப்பதும் வெறுமையாக் கிடக்கிற நேரசூசியை ஒரு தாளில போட்டு, எந்தத் திகதியில இருந்து ஆளில்லை எண்டு எழுதி, சங்கக் கூட்டறிக்கையோட சேத்து வலயக் கல்விப் பணிப்பாளருக்குக் குடுங்கோ, பிரதியை மாகாணக் கல்விப் பணிப்பாளருக்கு அனுப்புங்கோ. ஆசிரியர் சம்பளம் மாகாணத்தின்ர பொறுப்பு, உங்கட சங்கத்தின்ர இல்லை. நீங்கள் சத்தமில்லாமல் ஆள் வச்சு ஓட்டினா அங்க வெற்றிடம் ஒருத்தற்ற கண்ணுக்கும் தெரியாமல் போயிடும். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில ரெண்டு கணித ஆசிரியர் இருந்தா கிழமையில ரெண்டு மூண்டு நாளுக்குத் தற்காலிக இணைப்புத் தரச்சொல்லியும் கேக்கலாம், அதையும் எழுத்தில கேளுங்கோ.

இனிக் காசு. பிரசவ லீவு முழுச் சம்பளத்தோட 84 வேலைநாள். அந்த ரீச்சர் அதுக்குப் பிறகு அரைச்சம்பள லீவு எடுக்காட்டி நாலு அஞ்சு மாசத்தில வந்திடுவா, அவவிட்டயே ஒருக்காக் கேளுங்கோ. அப்ப இங்கிலிசுக்கு 12 மாசம் ஒதுக்கத் தேவையில்லை, 5 மாசத்துக்கு 75,000 காணும். கணிதத்துக்கு 1 இலட்சத்து 80 ஆயிரம். ரெண்டும் 2 இலட்சத்து 55 ஆயிரம், மிச்சம் 1 இலட்சத்து 45 ஆயிரம் கையில நிக்கும். கடதாசி, மை, போட்டோக்கொப்பி எல்லாத்தையும் தர உள்ளீட்டுக் காசுக்குள்ள (படிப்பிக்கிற சாமான் வாங்க அரசாங்கம் பள்ளிக்கூடத்துக்குத் தாற காசு) போடச்சொல்லி அதிபரிட்டச் சொல்லுங்கோ, அந்தக் காசில சம்பளம் குடுக்கேலாது, ஆனால் இதுகளை வாங்கலாம். அந்தப் பிள்ளை தன்ர காசில கொப்பி அடிக்கிறது சரியில்லை.

என்ர எண்ணம் கணிதத்துக்கு முதலிடம். ஓ.எல்லில கணிதம் விழுந்தா கனக்க அரச வேலைக்கு விண்ணப்பமே போடேலாது. வசதியுள்ள பிள்ளை ரியூசனுக்குப் போய் எப்பிடியும் சமாளிக்கும், கூலி வேலைக்குப் போற ஆக்களின்ர பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டா வேற இடம் இல்லை.

தீவகத்து ரீச்சர்

சேர் சொன்ன கணக்கு முழுக்கச் சரி, ஆனால் முதலிடம் எதுக்கு எண்டதில நான் ஒத்துக்கொள்ள மாட்டன். நான் குறிகட்டுவான் இறங்குதுறையில வள்ளம் ஏறித் தீவுக்குப் போய்ப் படிப்பிக்கிறனான், ரொயிலற் சரியில்லாத பள்ளிக்கூடத்தில எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட பெட்டையள் என்ன செய்வினம் எண்டு கண்ணால காணுறன். காலமையில இருந்து தண்ணி குடிக்காமல் இருப்பினம், மாதத்தில அந்த நாட்களில வரவே மாட்டினம். அந்த நாளில நடந்த கணிதம் அவைக்கு இல்லை, ஆர் வந்து படிப்பிச்சாலும் இல்லை. மூண்டையும் ஒரேயடியாத் திருத்த வேண்டாம் அக்கா, கொழுக்கியும் கதவும் தண்ணிக் குழாயும் இந்தக் கிழமையே போடலாம், அதுக்கு ரெண்டரை இலட்சம் தேவையில்லை. சேர் மிச்சம் பிடிச்சுத் தந்த காசில ரெண்டாவது ரொயிலற்றைத் திருத்துங்கோ. மூண்டாவதைப் புதுசாக் கட்டிற மாதிரி எண்டால் மாகாணத்தின்ர பீ.எஸ்.டீ.ஜீ எண்ட அபிவிருத்தி நிதிக்கு வலயத்துக்குள்ளால கோரிக்கை குடுங்கோ, இந்த வருசம் வராட்டியும் அடுத்த வருசப் பட்டியலில பேர் நிக்கும்.

இன்னொண்டு, ஆளணி கூட எண்டு சொல்லி ஆரம்பப் பிரிவில ரெண்டு வகுப்பை ஒண்டாக்கி அந்த ரீச்சரைக் கணிதத்துக்கு விடுங்கோ எண்டு கூட்டத்தில ஆரும் சொல்லுவினம், கட்டாயம் சொல்லுவினம். விடாதேங்கோ. முதலாம் ரெண்டாம் வகுப்பில எழுத்துப் பிடிபடாத பிள்ளைக்குப் பிறகு ஆறாம் வகுப்பில எவ்வளவு நல்ல கணித ஆசிரியர் வந்தும் கஷ்டம் தான்.

ஸ்கார்பரோவில இருந்து

நான் வேற ஒரு பள்ளிக்கூடத்துப் பழைய மாணவன், எங்கட சங்கத்திலயும் வளைவு, மண்டபம், மதில் எண்டு தான் கதை போகும். உண்மையாச் சொன்னா இங்க கனடாவில இருக்கிற கனபேருக்கு ரொயிலற் கதவு இல்லை எண்டு தெரியாது, கேட்டு ஆரும் எழுதினதும் இல்லை. மேசன் தந்த மதிப்பீட்டையும் நாலு படத்தையும் அதிபரும் சங்கமும் கையெழுத்து வச்ச ஒரு கடிதத்தோட அனுப்புங்கோ, வளைவுக்குச் சேத்த காசை இதுக்கு மாத்துங்கோ எண்டு நேராக் கேளுங்கோ, கூச்சப்படாதேங்கோ. செலவழிச்ச பிறகு பற்றுச்சீட்டை அனுப்பினா அடுத்த வருசம் கேக்காமலே தருவினம். சம்பளத்துக்குக் கேக்கிறது தான் கொஞ்சம் கஷ்டம், ஒருக்காத் தொடங்கினா வருசா வருசம் ஆர் குடுக்கிறது எண்டு கேப்பினம், அது நியாயமான கேள்வியும் தான்.

ரெண்டு பிள்ளையின்ர அம்மா

எல்லாருக்கும் கனக்க நன்றி. 84 நாள் விசயம் எங்கட ஒருத்தருக்கும் ஓடேல்லை சேர், இண்டைக்கே ரீச்சரோட கதைக்கிறன். கொழுக்கியும் கதவும் கூட்டம் வரைக்கும் பாத்துக்கொண்டிருக்காமல் இந்தச் சனி ஞாயிறில போடச்சொல்லி அதிபரிட்டக் கேக்கப்போறன், பெற்றோருக்குள்ள ஒரு தச்சுவேலை செய்யிறவர் இருக்கிறார். ஒரு சந்தேகம், படிப்பிக்கிற ரெண்டு பிள்ளையளும் கடிதம் ஒண்டு தரச்சொல்லிக் கேக்கினம், குடுக்கலாமோ?

ஓய்வுபெற்ற அதிபர்

அதில மட்டும் கவனம் தங்கச்சி. வடக்கில தொண்டர் ஆசிரியரா வருசக்கணக்காப் படிப்பிச்சிட்டு நிரந்தர நியமனம் கேட்டு ரோட்டில இருந்து போராடின பிள்ளையளை நாங்கள் எல்லாரும் கண்டனாங்கள். நியமனக் கடிதம் மாதிரி ஒண்டும் குடுக்காதேங்கோ, அந்தப் பிள்ளையளுக்கு இல்லாத நம்பிக்கையைக் குடுக்கிறது பாவம். அவையைத் தொடர்ந்து பள்ளிக்கூடத்தில வச்சுப் படிப்பிக்கிறதெண்டால் வலயத்தின்ர எழுத்து அனுமதியை அதிபர் எடுக்கோணும். எந்த மாசம் வரைக்கும், எத்தினை பாடவேளை, எவ்வளவு காசு, இது அரச நியமனம் இல்லை எண்டு கூட்டறிக்கையில வடிவா எழுதி அவைக்கும் வாசிச்சுக் காட்டுங்கோ. போகேக்க படிப்பிச்ச அனுபவத்துக்கு அதிபர் ஒரு நற்சான்றிதழ் குடுக்கலாம், அது வேற வேலைக்கு உதவும். 15,000ஐ ஒவ்வொரு மாசமும் திகதி தவறாமல் வவுச்சரில கையெழுத்து வாங்கிக் குடுங்கோ, பிந்தக்கூடாது.