மலேசியாவில் படிக்க வந்தவர்கள் பிரெஞ்சுப் பாடம் எடுக்கலாமா?

செமஸ்டர் தொடங்கும்போதெல்லாம் ஊரிலிருந்து புதிதாக வந்த தம்பி தங்கைகள் கேட்கும் கேள்வி இது. எடுக்கலாம். பாடப் பட்டியலில் 'பஹாசா பெராஞ்சிஸ்' என்று தேடுங்கள். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் பினாங்கில் யுஎஸ்எம் என்கிற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் சொல்லித் தருகிறார்கள். ஆனால் வெளிநாட்டு மாணவர்களுக்கு அடிப்படை மலாய்ப் பாடமும் பெரும்பாலும் கட்டாயம். இரண்டையும் ஒரே செமஸ்டரில் இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். மலாய் முதலில், சாப்பாட்டுக் கடையிலும் வாடகை வீட்டுக்காரரிடமும் கைகொடுப்பது அதுதான்.

பிளஸ் டூவில் மார்க்குக்காக பிரெஞ்சு எடுத்தவர்கள் நம்மில் நிறைய பேர். அதைச் சொல்லாமல் தொடக்க நிலையில் சேர்ந்தால் சுலபமாக ஏ வாங்கலாம் என்று சில சீனியர்கள் யோசனை சொல்வார்கள். வேண்டாம், ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். அந்த இரண்டு வருடமும் எழுதித்தான் தள்ளியிருப்போம், வாயைத் திறந்திருக்க மாட்டோம். நாலு வரி பேசச் சொல்லிப் பார்த்துவிட்டு, 'சரி, இங்கேயே இரு' என்று அவரே சொன்னாலும் சொல்வார்.

பேச்சுதான் இதில் பெரிய வேலை. எழுத்தைப் பார்த்து ஆங்கிலம் மாதிரி வாசிக்காதீர்கள், தமிழ் வாயோடு போங்கள். பிரெஞ்சில் 'டேபிள்' கிடையாது, 'தாப்ல்'. நாக்கு பல்லில் படுகிற நம் 'த'தான் அது. மூக்கொலிக்குப் பலர் பயப்படுகிறார்கள். பேச்சுவழக்கில் 'மரம்', 'அவன்' என்று முடிக்கும்போது உதட்டையோ நாக்கையோ ஒட்டாமல் மூக்கில் விடுகிறோமே, ரொட்டிக்கான 'பேன்', 'நல்ல' என்பதற்கான 'போன்' ஆகிய சொற்களின் முடிவில் பிரெஞ்சுக்காரர் விடுவது கிட்டத்தட்ட அதேதான். நாம் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். 'இல் சோன்' என்றால் 'அவர்கள் இருக்கிறார்கள்'. நடுவில் வரும் அந்தச் ச வண்டு ரீங்காரம் போல அதிர்ந்தால் 'அவர்களிடம் இருக்கிறது' என்று ஆகிவிடும். தொண்டையில் விரல் வைத்து அதிர்வைப் பார்த்துப் பழகுங்கள்.

வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறுவது நமக்குப் புதிதல்ல. மலாயில் அப்படி மாறாது, அதனால் உள்ளூர் நண்பர்கள் அங்கே திணறுவார்கள், உதவுங்கள். அப்புறம், மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். ஏன் என்று கேட்டுப் பயனில்லை. பெண்பாலுக்கு முன்னால் 'ல', ஆண்பாலுக்கு முன்னால் 'லெ' என்று சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.

எண்களில் 70க்கு மேல் கணக்குப் பாடம்தான்: 72 என்பது அறுபது பன்னிரண்டு, 94 என்பது நாலு இருபது பதினாலு. பிரான்சில் போன் நம்பரை இரண்டிரண்டு இலக்கமாகத்தான் சொல்வார்கள். ஃபெடரல் ஹைவே ஜாமில் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது முன்னால் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டை அப்படிப் பிரித்துச் சொல்லிப் பாருங்கள். 7294 வந்தால் அதிர்ஷ்டம்.

சான்றிதழ் வேண்டுமென்றால் டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வில் முதல் நிலையான ஏ1 எழுதலாம். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மார்க். 100க்கு 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எதிலும் 5க்குக் கீழே போகக்கூடாது. ஒருமுறை வாங்கினால் காலாவதி கிடையாது. கோலாலம்பூரிலும் ஜார்ஜ் டவுனிலும் இருக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி மையத்தில் தேர்வுத் தேதி, கட்டணம் விசாரியுங்கள். மாஸ்டர்ஸுக்கு பிரான்ஸ் போகும் எண்ணம் இருந்தால் ஏ1 போதாது; பிரெஞ்சு வழிப் படிப்புக்குப் பொதுவாக நான்காம் நிலையான பி2 கேட்பார்கள். முதல் வாரம் வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள், ஒத்துவரவில்லை என்றால், பாடங்களைச் சேர்க்கவும் நீக்கவும் விடும் ஆட் டிராப் காலம் முடிவதற்குள் விட்டுவிடலாம்.