உலை சிவப்புக்கு மேல் ஏறவில்லை, என்ன பிழை?

மாங்குளத்தான்:
எங்கள் பக்கம் மண்வெட்டி, கத்தி காய்ச்சி அடித்துத் தர முன்பு ஒருவர் இருந்தார். இப்ப வவுனியாவுக்குத்தான் ஓட வேண்டும். அதனால் வளவுக்குள் லொறி பிரேக் ட்ரம்மில் ஓர் உலை போட்டேன். அடியில் குழாய், காற்றுக்கு ஹெயார் ட்ரையர். அம்மா இஸ்திரிக்கைப் பெட்டிக்குச் சேர்த்து வைத்த சிரட்டைக் கரி அரை மூட்டை முடிந்தது. இரும்போ மங்கல் சிவப்போடு நின்றுவிட்டது.

பட்டறைப் பேரன்:
தம்பி, காற்று காணும். குழிதான் அகலம். லொறி ட்ரம் முழுக்கக் கரி போட்டால் நெருப்பு பரந்துவிடும். புற்றுமண்ணில் சாம்பல் கலந்து உள்ளே பூசி, நடுவில் ஒரு தேங்காய் கொள்ளும் அளவு மட்டும் குழி விடுங்கள். வடிவாகக் காயட்டும், ஈரத்தோடு மூட்டினால் வெடித்துத் தெறிக்கும். இரும்பைக் காற்று வாயில் வைக்காதீர்கள், செதில் செதிலாக எரிந்துபோகும். கீழே நாலு விரல் கரி, மேலே ரெண்டு விரல்.

அந்தக் குழாய் நாகம் (துத்தநாகம்) பூசியதா? பூசியதென்றால் கழற்றுங்கள். நான் அப்படி ஒன்று போட்டு, அன்றிரவே காய்ச்சலும் நடுக்கமும். மலேரியா என்று பயந்து ரத்தம் சோதித்தால் ஒன்றுமில்லை. நாகப் புகை செய்த வேலை.

அப்பப்பாவின் தோல் துருத்தியை இழுத்து வளர்ந்தவன் நான். வேகமாக இழுத்தால், "கரி என்ன உன் கொப்பன் வீட்டுக் காசோ?" என்று ஏச்சு விழும்.

குளக்கட்டு:
இரும்பு எங்கே எடுக்கிறீர்கள்? காணி கிளறும்போது வந்த துண்டு என்றால் தொடவே வேண்டாம். துருப்பிடித்த குழாய் போலக் கிடப்பது எறிகணையாக இருக்கலாம். கண்ணிவெடி அகற்றுபவர்களிடம் சொல்லுங்கள்.

மாங்குளத்தான்:
இல்லை அண்ணை, கராஜில் வாங்கிய லொறி வில்லுத் தகடு. புற்றுமண் பூசி நாலு நாள் காயவிட்டேன். நேற்று செம்மஞ்சளாகவே வந்தது! கத்தியாக அடித்துத் தண்ணீரில் தோய்த்தேன். 'டிக்' என்றது. மயிர் போல ஒரு வெடிப்பு.

பட்டறைப் பேரன்:
வில்லுத் தகட்டுக்குத் தண்ணீர் கடுமை, எண்ணெயில் தோயுங்கள். தீப்பிடிக்கும், மூடி பக்கத்தில் இருக்கட்டும். தோய்க்க முன் எவ்வளவு காய்ச்சுவது என்றால், காந்தம் இரும்பில் ஒட்டாமல் போவது 770 பாகை செல்சியஸ் அளவில், அதற்குக் கொஞ்சம் மேலே போதும். வெயிலில் நிறம் தெரியாது, பின்னேரம் நிழலில் செய்யுங்கள். தோய்த்த பிறகு பளபளக்கத் தீட்டி, வைக்கோல் நிறம் ஏறும்வரை மெல்ல வாட்ட வேண்டும்.

அது சரி, அம்மாவுக்குக் கரி வாங்கிக் கொடுத்தாச்சா?

மாங்குளத்தான்:
இன்னும் இல்லை. சட்டை கசங்கலோடுதான் திரிகிறேன்.