றெக்கோட்டுக்குத் தமிழ்: பதிவா, ஏடா, வரவையா?

செவ்வாய் இரவு, களுவாஞ்சிக்குடியிலிருந்து

அன்புள்ள எல்லோருக்கும்,

வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு ஒரு சொல் வேண்டும். பாடசாலைகளுக்கான மாணவர் விபர மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. 'றெக்கோட்' (record) வருகிற வரிகள் மட்டும் சிவப்பில் கிடக்கின்றன.

ஏன் இதிலேயே நிற்கிறேன் என்று சொல்கிறேன். போன தவணை இதை ஒரு பாடசாலையில் ஓட்டிப் பார்த்தோம். ஒரு பிள்ளையின் விபரம் இரண்டு தரம் ஏறியிருந்தது. எழுதுவினைஞர் ஒன்றை அழித்தார். உடனே தாயின் தொலைபேசிக்கு ஒரு செய்தி போயிற்று: "உங்கள் பிள்ளையின் பதிவு நீக்கப்பட்டது." அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு அந்தத் தாய் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைப் பொலித்தீன் பையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு அலுவலக வாசலில் நின்றார். "எண்ட புள்ளய ஏன் சேர் வெட்டினீங்க?" என்று கேட்டார். அந்த வரியை எழுதியவள் நான்.

அவர் விளங்கிக்கொண்டதில் பிழையே இல்லை. நமக்குப் பதிவு என்றால் பிறப்புப் பதிவு, கலியாணப் பதிவு, பதிவுத் தபால். பதிவு போனால் ஆள் போனதாகத்தான் அர்த்தம்.

இதே மென்பொருளில் ஒரு பிள்ளைக்குப் புதிய றெக்கோட் திறக்க வேண்டும், வாசிப்புப் பரீட்சையில் அவன் குரலை றெக்கோட் செய்ய வேண்டும், அவனுடைய மருத்துவ றெக்கோட், ஒழுக்காற்று றெக்கோட் இரண்டும் இருக்கின்றன, போதாததற்கு இல்ல மெய்வல்லுனர் போட்டியில் நீளம் பாய்தலுக்கான பாடசாலை றெக்கோட்டும் இருக்கிறது. ஐந்துக்கும் ஒரு சொல்லா, ஐந்து சொல்லா?

புதன் காலை, மட்டக்களப்பு நகரிலிருந்து

டீச்சர், இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. இடாப்பு என்று போடுங்கள். கோட்டைக்குள் இருந்த கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், காலம் முழுக்க எழுதுவினைஞராக இருந்தவன் நான். வாக்காளர் இடாப்பு, வரவு இடாப்பு என்று சொன்னால் விளங்காத தாய் இந்த மாவட்டத்தில் இல்லை. இடாப்பு முழுப் புத்தகம்; அதற்குள் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரி. அழித்தது அந்த வரியைத்தான். "இடாப்பில் இரண்டு தரம் இருந்த பெயரில் ஒன்று எடுக்கப்பட்டது" என்று போயிருந்தால் அந்தத் தாய் பேசாமல் சோற்றைச் சமைத்திருப்பார்.

இன்னொன்று. காணிக்கு ஒல்லாந்தர் எழுதிவைத்த ஏட்டுக்குத் தோம்பு என்று பெயர். அந்தச் சொல்லை இங்கே கொண்டுவந்தவர்கள் அவர்களுக்கு முந்திய போர்த்துக்கேயர். லிஸ்பனிலுள்ள தேசியச் சுவடிக்கூடத்துக்கு இன்றைக்கும் 'தோரே தோ தோம்போ' என்றுதான் பெயர். நம் கோட்டையை 1628இல் கட்டியவர்கள் போர்த்துக்கேயர், 1638இல் பிடித்தவர்கள் ஒல்லாந்தர். கோட்டை கைமாறியது, சொல் கைமாறவில்லை. எங்கிருந்து வந்த சொல் என்று பார்க்காமல் எவ்வளவு காலம் உழைத்த சொல் என்று பாருங்கள்.

புதன் மாலை, காரைதீவிலிருந்து

டீச்சருக்கும் குழுவினருக்கும்,

கச்சேரி நண்பர் வேகமாக ஓடுகிறார். 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கக் குழுவுக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள் பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன். வேரைத் தொடாமல் ஒரு சொல்லை ஏற்க எனக்கு மனம் வராது.

றெக்கோட் என்பது 'றெக்கோர்தாரி' என்ற இலத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. உள்ளே இருப்பது 'கோர்', நெஞ்சு. திரும்ப நெஞ்சுக்குக் கொண்டுவருதல்தான் அதன் முதற்பொருள். எழுதிவைப்பது பின்னால் வந்தது. இதோடு 'பைல்' என்ற சொல்லையும் பாருங்கள். அது 'பீலும்', நூல். தாள்களை நூலில் கோத்ததால் அந்தப் பெயர். நாம் சொல்லும் கோப்பும் கோத்தலிலிருந்து வந்ததுதான். ஓலையில் துளையிட்டுக் கயிறு கோத்தவர்கள் நாம். யாரும் யாரிடமும் கடன் வாங்காமல் இரண்டு மொழியும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

இனிப் பதிவு. பதி என்ற வினை தன்வினையாகப் பதிந்தது, பிறவினையாகப் பதித்தது. அழிவு – அழிப்பு, பிரிவு – பிரிப்பு போலப் பதிவு – பதிப்பு. பதிந்து கிடக்கும் பொருளுக்குப் பதிவு என்பது தொழிலாகுபெயராக நன்றாகவே நிற்கும். ஆங்கிலத்தில் பெயருக்கும் வினைக்கும் எழுத்து ஒன்று, அழுத்தம் மட்டும் இடம் மாறும். நம்மிடம் சொல்லே மாறுகிறது. ஆனால் பதிப்பை அச்சகத்தார் எடுத்துக்கொண்டார்கள், பதிவைப் பதிவாளர் எடுத்துக்கொண்டார். டீச்சரின் இடர் அங்கேதான்.

ஆகவே நான் சொல்வது ஏடு. ஒரு பிள்ளைக்கு ஓர் ஏடு. ஏடுகள் கோத்தால் கோப்பு. பதிவேட்டுக்குள் ஏற்கெனவே இருக்கிற சொல்தான், தனியே நிற்கவிட்டால் போதும்.

அழிப்பதற்கு ஒன்று சொல்கிறேன். பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணத்தில் சுந்தரர், தம்மை அடிமை என்று வழக்காட வந்த கிழவரின் கையிலிருந்த ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார். கிழிந்தது படியோலை. வழக்கு வென்றது பத்திரமாக இருந்த மூலவோலையால். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்ற மூன்றில் ஒரு சான்று கேட்ட சபை அது. டீச்சரின் எழுதுவினைஞர் அழித்ததும் படிதான். "படி நீக்கப்பட்டது, மூலம் உள்ளது" என்று எழுதுங்கள்.

பாய்தல், ஓட்டம் ஆகியவற்றுக்குப் பீடு. அகநானூற்றில் நடுகல்லில் "பெயரும் பீடும் எழுதி" வைக்கிறார்கள். பெயர் ஒரு புலம் (தரவு நிரப்பும் கட்டம்), பீடு ஒரு புலம்: அந்தக் கல்லே ஒரு றெக்கோட்.

இடாப்பு தமிழ்தானா என்பதை நண்பர் நிறுவட்டும்.

புதன் இரவு, மட்டக்களப்பு நகரிலிருந்து

நிறுவத் தேவையில்லை ஐயா. "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்று உங்கள் தொல்காப்பியரே சொல்லிவிட்டார்.

கல்வெட்டு என்ற சொல்லை எடுங்கள். நம் பகுதிக் கோயில்களில் குடிகளின் உரிமையைச் சொல்லும் கல்வெட்டு ஓலையில்தான் இருக்கிறது, கல்லில் அல்ல. வீட்டில் ஒருவர் தவறினால் முப்பத்தோராம் நாள் அச்சடித்துக் கொடுப்பதும் கல்வெட்டு. அதில் கல்லும் இல்லை, வெட்டும் இல்லை. யாருக்காவது விளங்காமல் போனதா? சனம் ஒரு சொல்லைக் கையில் எடுத்த பிறகு வேர் சும்மா கிடக்கும்.

வியாழன் காலை, சம்மாந்துறையிலிருந்து

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

நான் உயர்தர வகுப்புக்குத் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறவன். பாடப் புத்தகத்தில் அட்டவணை, புலம், பதிவு என்று இருக்கிறது. புலம் என்று கரும்பலகையில் எழுதியதும் ஒரு மாணவன், "சேர், புலமெண்டா வயல்தானே?" என்று கேட்டான். ஓம், வயல்தான். அந்த இடத்தில் எனக்கு வெளித்தது. நாங்கள் எல்லாரும் வயற்காரர். பெரிய வெளி முழுவதையும் வட்டை என்கிறோம். அதற்குள் வரம்பு கட்டிப் பிரித்த ஒவ்வொரு துண்டும் வரவை. அட்டவணை வட்டை என்றால் றெக்கோட் வரவை. ஒரு வரவைக்குள் நிற்கிற தண்ணீர் அந்த வரவைக்குரியது, வரம்பு உடைந்தால் மற்றதோடு கலந்துவிடும். தரவுகள் ஒன்றோடொன்று கலக்கக்கூடாது என்று நான் ஒரு பாடவேளை முழுக்கச் சொன்னதை, வரவை என்ற ஒரு சொல்லில் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள்.

ஏடு என்றால் பிள்ளைகளுக்குத் தயிர் ஏடுதான் வரும் ஐயா. கோபிக்க வேண்டாம்.

வியாழன் மதியம், காரைதீவிலிருந்து

தம்பி, கோபம் இல்லை. வட்டை, வரவை இரண்டும் அழகான சொற்கள். அகராதிகளில் இவற்றுக்கு நல்ல இடம் கிடைக்க வேண்டும். ஆனால் யாழ்ப்பாணத்திலும் மலையகத்திலும் இதே மென்பொருள் ஓடப் போகிறது. அங்கே வரவையைப் பார்ப்பவர் வரவு – செலவு என்று நினைப்பார். பாடசாலையிலேயே வரவு இடாப்பு இருக்கிறது, வரவும் வரவையும் ஒரே திரையில் மயங்கும். ஏடு தொடக்காத பிள்ளை இந்நாட்டில் எங்கும் இல்லை.

வியாழன் மாலை, அக்கரைப்பற்றிலிருந்து

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் பத்திரிகைக்கு விளையாட்டும் வானிலையும் எழுதுகிறேன். பீடு வேண்டாம் ஐயா, சாதனை சனத்துக்குப் பழகிவிட்டது. என் கரைச்சல் வேறு. 2011 ஜனவரி வெள்ளத்தை எழுதும்போது மூலச் செய்தியில் றெக்கோட் மழை என்று இருந்தது. சாதனை மழை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வயலும் வீடும் தண்ணீரில் கிடக்கும்போது யார் எதைச் சாதித்தது? எங்கள் வீட்டுச் சுவரில் உம்மும்மா கரியால் ஒரு கோடு இழுத்து வைத்தா, தண்ணீர் நின்ற மட்டம். இன்றும் வெள்ளை அடிக்கும்போது அந்த இடத்தை விட்டுவிட்டு அடிக்கிறோம். அதுவும் றெக்கோட்தான். 'இதுவரை காணாத மழை' என்றே எழுதினேன். டீச்சருக்கு இது உதவுமோ தெரியாது, ஒரே சொல்லால் எல்லாவற்றையும் மூட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

வியாழன் இரவு, கல்லடியிலிருந்து

நான் இந்தக் குழுவில் வாசிக்கிறதோடு சரி. மிட்வைபாக இருந்து ஓய்வுபெற்றவள். பதிவு வேண்டாம் என்று எல்லோரும் தள்ளுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் நிலையத்தில் மிஞ்சிய கர்ப்பிணித் தாய்மார் பதிவேடுகளை எடுத்துவந்து, ஒற்றை ஒற்றையாகப் பிரித்து, மணல் தட்டி, வெயிலில் காயவைத்தோம். சில பக்கங்களில் மை முழுதாகக் கரைந்துவிட்டது. வெறும் தாள். ஆனால் எங்களோடு வேலை செய்த ஒரு அக்கா பேனாவை அழுத்தி அழுத்தி எழுதுவா. அவ எழுதிய பக்கங்களைச் சரித்து வெளிச்சத்தில் பிடித்தால் பள்ளம் தெரிந்தது. விரலால் தடவித் தடவி எழுத்துக் கூட்டினோம். பெயர், திகதி, நிறை. அப்படிச் சில தாய்மாரின் பெயர்களை மறுகா எழுதினோம். அதில் எல்லாரும் இருக்கவில்லை.

ஐயா பதி என்ற வினையைச் சொன்னபோது எனக்கு அந்தத் தாள்தான் நினைவு வந்தது. எழுதினது போன பிறகும் பதிந்தது இருந்தது. மருத்துவ றெக்கோட்டுக்காவது பதிவு என்ற சொல்லை விடுங்கள். ஆனால் சனம் சொல்வது கிளினிக் கொப்பி, அதையும் மறக்க வேண்டாம்.

வெள்ளி இரவு, களுவாஞ்சிக்குடியிலிருந்து

அன்புள்ள எல்லோருக்கும்,

இன்று மாலை அனுப்பிவிட்டேன். கல்லடி அக்காவின் மடலை நேற்று இரவு இரண்டு தரம் வாசித்தேன். அதற்குப் பிறகு பதிவை முழுதாகத் தள்ள என்னால் முடியவில்லை. ஆனால் அது தனியே நிற்கவும் விடவில்லை. மருத்துவப் பதிவு, ஒலிப்பதிவு என்று முன்னால் ஒரு சொல் பிடித்துக்கொண்டால்தான் நிற்கும். விளையாட்டுக்குச் சாதனை. ஒழுக்காற்றுப் பக்கத்துக்கு ஒழுக்கக் குறிப்பு என்று போட்டேன். ஒரு பிள்ளை ஒரு நாள் சண்டை பிடித்ததை ஆவணம் என்றோ பதிவு என்றோ எழுத எனக்கு மனமில்லை.

ஒரு பிள்ளைக்குரிய வரிசைக்கு மாணவர் விபரம் என்று போட்டிருக்கிறேன். தனி மடலில் எழுதியவர்களில் கூடுதலானோர் அதற்குச் சரி என்றார்கள். பாதிப்பேர் களைத்துப்போய்த்தான் சரி என்றார்கள் என்று எனக்குத் தெரியும். வரவையைத் திரையில் போடவில்லை. சம்மாந்துறை நானா, ஆசிரியர் கைந்நூலில் வட்டை – வரவை உவமையை உங்கள் சொற்களிலேயே சேர்த்திருக்கிறேன்.

அனுப்புவதற்கு முதல் அந்தத் தாயின் வீட்டுக்குப் போனேன். ஐயாவின் வரியைத்தான் முதலில் வாசித்துக் காட்டினேன்: படி நீக்கப்பட்டது, மூலம் உள்ளது. "மூலம் வருத்தமா டீச்சர், ஆருக்கு?" என்று கேட்டார். பிறகு மற்றதை வாசித்தேன்: "உங்கள் பிள்ளையின் விபரம் தவறுதலாக இரண்டு தரம் எழுதப்பட்டிருந்தது. ஒன்றை எடுத்துவிட்டோம். பிள்ளை இடாப்பில் இருக்கிறார்." கடைசி வரியை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "இத முதல்லயே போட்டிருக்கலாமே" என்றார்.

சனி காலை, காரைதீவிலிருந்து

டீச்சர், 'மூலம்' நான் யோசிக்காதது. எடுத்தது சரி. இடாப்பு அந்த வரியில் பொருந்துவதையும் ஒத்துக்கொள்கிறேன். கச்சேரி நண்பர் இதை வாசிப்பார். ஆனால் 'விபரம்' எனக்குச் சம்மதமில்லை. அது விவரத்தின் திரிபு, விவரம் வடசொல். ஏடு என்ற இரண்டெழுத்துச் சொல் கையில் இருக்கும்போது அதற்குத் தேவையில்லை. அடுத்த பதிப்பு எப்போது வருகிறது என்று சொல்லுங்கள். நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.