கம்பஸ் பிள்ளைக்கு உதவிப்பணம்: விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ

வணக்கம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காகக் கேட்கிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் இரண்டாம் வருடம். பீடம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி வளாகத்தில் இல்லை, கிளிநொச்சி அறிவியல் நகரில். பருத்தித்துறையில் இருந்து தினமும் போய்வர ஏலாது, அங்கேயே அறை எடுத்துப் படிக்கிறாள்.

தகப்பன் கடற்தொழில். காற்றுக் காலத்தில் வள்ளம் கரையில்தான். மகாபொல புலமைப்பரிசில் மாதம் 7,500 ரூபா வருகிறது, அறை வாடகையோடு அது முடிந்துவிடும். போன கிழமை தாய் கணக்குக் கொப்பியைக் காட்டினா. கடைசி வரியில் "லப்டொப் திருத்த 18,000", அதற்குக் கீழே "தோடு" என்று மட்டும். தோடு இப்போது அடகுக் கடையில்.

வெளிநாட்டில் இருக்கிற எங்கட சனமும் பழைய மாணவர் சங்கங்களும் மாதாமாதம் இப்படியான பிள்ளைகளுக்குக் காசு அனுப்புகிறார்கள்தானே. மகாபொல எடுக்கிற பிள்ளையையும் சேர்ப்பார்களா? இரண்டாம் வருடத்தில் விண்ணப்பிக்கலாமா? கிராம சேவகரின் கடிதம், வருமானச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு எல்லாம் கையில் இருக்கிறது. வேறென்ன கேட்பார்கள்?

அப்புறம் ஒன்று. காசோலையைக் கையில் கொடுத்துப் படம் பிடித்து முகநூலில் போடுகிற ஆட்கள் வேண்டாம். அதற்குப் பயந்துதான் பிள்ளை இவ்வளவு நாளும் வாய் திறக்கவில்லை. நேரே வங்கிக் கணக்கில் போடுகிறவர்களைத் தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கோ.