காக்கியைக் கழற்றியதும் வேட்புமனுவா?

மாடவீதிக்காரன்: ஐ.பி.எஸ். அதிகாரி ஒருவர் பதவி விலகிய கையோடு தேர்தலில் நிற்கலாமா, அல்லது இடையில் காத்திருப்புக் காலம் ஏதும் உண்டா?

அடையாறு வாசகர்: பணியில் இருக்கும்வரைதான் தடை, அகில இந்தியப் பணி நடத்தை விதிகள், 1968, கட்சி சார்ந்த எந்தச் செயலையும் அனுமதிப்பதில்லை. விலகல் ஏற்கப்பட்ட மறுநாளே அவர் மனுத்தாக்கல் செய்யலாம். காத்திருப்புக் காலம் வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2012இல் பரிந்துரைத்தது, அரசு ஏற்கவில்லை. 2022இல் உச்ச நீதிமன்றமும் அது சட்டமியற்றுவோரின் வேலை என்று ஒதுங்கிக்கொண்டது. எனக்கு இது உறுத்தலாகவே இருக்கிறது. நேற்றுவரை ஒரு கட்சியின் ஊர்வலத்துக்கு அனுமதி மறுத்தவர் இன்று எதிர்க்கட்சியின் வேட்பாளர் என்றால், அந்த மறுப்பை மக்கள் எப்படி நம்புவார்கள்?

லஸ் முனை: எல்லாரையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம், ஐயா. சென்னை மாநகரக் காவல் ஆணையராக இருந்த ஆர். நடராஜ், ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகள் கழித்தே 2016இல் அ.தி.மு.க. சார்பில் மயிலாப்பூரில் வென்றார். எங்கள் தெரு இஸ்திரிக்காரர் அந்த ஐந்து ஆண்டும் அவரை ‘கமிஷனர் ஐயா’ என்றுதான் சொன்னார், ஒருமுறைகூட எம்.எல்.ஏ. என்றதில்லை. அந்த மரியாதை வாக்காக மாறும் என்பதற்கும் உறுதியில்லை. 2021இல் அதே தொகுதியில் அவர் தோற்றார்.

மாடவீதிக்காரன்: நன்றி. 2019இல் பணியை விட்ட அண்ணாமலையும் 2021இல் அரவக்குறிச்சியில் தோற்றவர்தானே.