ஜூம் இல்லாத கேமராவில் வள்ளுவரை எப்படி எடுப்பது?

வேளிமலை: ஊர் சுற்ற என்ன சின்னக் கேமரா வாங்கலாம் என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். அதற்கு முட்டத்தான் அண்ணாச்சி, “ரிக்கோ ஜிஆர் 3 போதும், ஜூம் எல்லாம் சோம்பேறிகளுக்கு” என்று எழுதிவிட்டார். படித்ததும் எரிச்சலாக வந்தது. ஜூம் இல்லாமல் அகலமாகவே காட்டும் அந்த 28 மி.மீ. லென்ஸை வைத்துக்கொண்டு கன்னியாகுமரி கரையில் நின்று பாருங்கள். 133 அடி வள்ளுவர் தீக்குச்சி மாதிரி நிற்பார். சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7-இல் 24 முதல் 200 மி.மீ. வரை ஜூம் இருக்கிறது; எண் ஏற ஏறத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். எடை 302 கிராம்தான்.

முட்டத்தான்: 200 என்று யார் சொன்னது? உங்கள் லென்ஸைச் சுற்றி எழுதியிருப்பதை வாசியுங்கள். 9.0-72 என்று இருக்கும். 72, தம்பி. 200 இல்லை.

வேளிமலை: அது லென்ஸின் குவியத்தூரம் அண்ணாச்சி. படம் பதியும் சென்சார் பழைய 35 மி.மீ. ஃபிலிமைவிடச் சின்னது, 13.2 × 8.8 மி.மீ. அதனால் 2.7-ஆல் பெருக்கினால் ஃபிலிம் கணக்கில் 200 கிட்ட வரும். எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் சொல்கிறது.

முட்டத்தான்: பெருக்கல் எல்லாம் வேண்டாம். எழுதியிருப்பது 72. அதோடு ‘1 இஞ்ச் சென்சார்’ என்கிறார்கள். 1 இஞ்ச் என்றால் 25.4 மி.மீ. உங்களுடையது 13.2. அங்கேயும் பொய்.

வேளிமலை: அந்தப் பெயர் பழைய வீடியோ குழாயின் விட்டத்திலிருந்து வந்தது. பொய் இல்லை.

குழித்துறையான்: அண்ணாச்சி, உங்கள் ஜிஆர் லென்ஸில் 18.3 என்றுதானே இருக்கிறது? 28 எங்கிருந்து வந்தது?

முட்டத்தான்: அது வேறு விஷயம். 18-க்கும் 28-க்கும் பத்துதான் வித்தியாசம். 72 எங்கே, 200 எங்கே! நான் சொல்ல வந்தது இதுதான்: தோவாளைப் பூச்சந்தைக்கு விடியுமுன் போங்கள். பல்ப் வெளிச்சத்தில் பிச்சிப்பூக் குவியல், ஈரச்சாக்கு, முடிச்சுப் போடுகிறவரின் விரலில் ஒட்டிய வாழைநார். அங்கே ஜூமை இழுத்தால் லென்ஸின் திறப்பு எஃப்4.5-ஆகச் சுருங்கி வெளிச்சம் குறையும், அதை ஈடுகட்ட ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஏறும், படம் முழுக்க மணல் தூவியது போல இருக்கும். ஜிஆரில் திறப்பு பெரிய எஃப்2.8, சென்சாரும் பெரிய ஏபிஎஸ்-சி அளவு. இரண்டு எட்டு முன்னே வைத்தால் படம் கிடைத்துவிடும். எட்டு வைக்க மனமில்லாதவர்கள்தான் 72-ஐ 200 என்று சொல்லித் திரிகிறார்கள்.

தோவாளைக்காரி: அந்த இரண்டு எட்டு வைத்துத்தான் எங்கள் உயிரை எடுக்கிறீர்கள். தலைச்சுமையோடு வருகிறவர்களுக்கு வழிவிடாமல் கூடை ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து படம் எடுக்கிறார்கள். அது வியாபாரம் நடக்கிற இடம். தள்ளி நின்று ஜூமில் எடுக்கிறவர்கள் எவ்வளவோ மேல்.

முட்டத்தான்: அக்கா, நான் யாரையும் மறித்தது கிடையாது. கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன்.

குழித்துறையான்: கேட்டு வாங்கினதைத் திருப்பித் தருவீர்களா? மாத்தூர் தொட்டிப்பாலத்தில் பாதி நடக்குமுன் உங்கள் பேட்டரி படுத்துவிட்டது. எனக்க பவர் பேங்க் இன்னும் வரவில்லை. ஜிஆருக்கு ஒரு சார்ஜுக்கு 200 படம்தான் கணக்கு என்று அங்கேயே சொன்னேன்.

முட்டத்தான்: பேச்சை மாற்றாதே மக்கா. சோனிக்கும் 260-தான். பெரிய வித்தியாசமா?

குளச்சல்காரன்: இரண்டுக்கும் உப்புக்காற்றும் சாரலும் ஆகாது. நான் ஒலிம்பஸ் டிஜி-6 வைத்திருக்கிறேன். 15 மீட்டர் ஆழம் வரை தாங்கும். திற்பரப்பு அருவிக்கு அடியிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். 25 முதல் 100 வரை ஜூமும் உண்டு.

முட்டத்தான்: உங்கள் லென்ஸில் 4.5-18 என்று எழுதியிருக்கும். போய்ப் பாருங்கள்.

குளச்சல்காரன்: எனக்கு எண் தேவையில்லை, அண்ணாச்சி. கேமரா நனைந்தாலும் வேலை செய்கிறது.

வேளிமலை: கேள்வி கேட்ட தம்பி வெளியூர்க்காரர். அவர் வள்ளுவரையும் விவேகானந்தர் பாறையையும் கரையிலிருந்து எடுக்க ஆசைப்படுகிறார். அதற்கு 200 வேண்டும். திரும்பவும் சொல்கிறேன், 200.

முட்டத்தான்: படகில் ஏறிப் பாறைக்குப் போகச் சொல்லுங்கள். அங்கிருந்து 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலத்தில் நடந்தால் வள்ளுவர் காலடி. 77 மீட்டர்தான்.

வேளிமலை: காலடியில் நின்றால் முகம் எப்படி விழும்?

முட்டத்தான்: அண்ணாந்து எடுக்கட்டும். ஞாயிறு சாயங்காலம் முட்டம் லைட்ஹவுஸ் பக்கம் வாருங்கள், கேமராவையும் கொண்டு வாருங்கள். லென்ஸில் இருப்பதை எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசிக்கிறேன்.

குழித்துறையான்: நானும் வருகிறேன். பவர் பேங்கோடு கேபிளும் இருந்தது, மறந்துவிட வேண்டாம்.