லங்கரில் ரொட்டிக்கு ஏன் ரெண்டு கையும் நீட்டணும்?

முதல் பதிவு
அமிர்தசரஸ் பொற்கோயில், அதாவது ஹர்மந்திர் சாஹிப்ல, எல்லாருக்கும் இலவசமா சாப்பாடு போடற லங்கர். பங்கத், அதாவது சாப்பாட்டு வரிசை, உட்கார்ந்தாச்சு, தால் விழுந்தாச்சு. "பர்ஷாதா ஜி!"ன்னு குரல். அங்கே ரொட்டிக்கு அதுதான் பேர். வரிசையில ஒரு பெரியவர் தட்டைத் தூக்கி நீட்டினார். பரிமாறுற தொண்டர், சேவாதார், போடலை, குனிஞ்சபடியே நின்னார். ரொட்டி அவர் விரல்ல ஆவி பறக்குது. பெரியவர் ரெண்டு கையும் ஏந்தின பிறகுதான் கொடுத்தார். அந்தப் பெரியவர் முகம் வாடினது இன்னும் உறுத்துது. முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாம்.

மறுமொழி
அது அவமதிப்பு இல்லைங்க. ரொட்டியைப் பிரசாதமாக் கையில தர்றாங்க, அவ்வளவுதான். யாரா இருந்தாலும் தரையில ஒரே வரிசை. 'முதல்ல பங்கத், பிறகு சங்கத்' (முதல்ல வரிசையில சாப்பாடு, பிறகு குருவோட சபை) மூணாவது சீக்கிய குரு அமர்தாஸ் பஞ்சாப்ல கோயிந்த்வால்ங்கிற ஊர்ல வச்ச முறை. அக்பரும் அப்படி உட்கார்ந்துதான் சாப்பிட்டார்னு சீக்கிய மரபு சொல்லுது. போதும்னா தட்டு மேல கையை வைங்க. வாங்கினதை மிச்சம் வைக்காதீங்க.

மறுமொழி
ரொட்டியை விட கடா பிரசாதத்துலதான் (குருத்வாராவுல தர்ற கோதுமை அல்வா) ஜனங்க தடுமாறுறாங்க. காசு கொடுத்து இலைத் தொன்னையில வாங்கின பிரசாதத்துல பாதியை சேவாதார் எடுத்ததும் ஒரு அம்மா பதறிட்டாங்க. அந்தப் பாதி எல்லாருக்கும் பகிர்றதுக்குப் போகுது.

வீட்ல செய்றவங்களுக்கு: ஆட்டா (கோதுமை மாவு), நெய், சர்க்கரை மூணும் எடையில சமம். கப்புல அளந்தா தப்பாகும், ஒரு கப் சர்க்கரை ஒரு கப் மாவை விட கனம். தலா 250 கிராமுக்கு முக்கால் லிட்டர் தண்ணி. சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் கொதிக்க விடுங்க. பக்கத்து அடுப்புல நெய் உருகினதும் மாவைப் போட்டு, சின்னத் தீயில கைவிடாம கிளறுங்க. தீயைக் கூட்டினா நிறம் மட்டும் வரும், மாவு பச்சையா மேலண்ணத்துல ஒட்டும். செம்பொன் நிறமாகி ஓரத்துல நெய் பிரியறப்போ கொதிக்கிற சர்க்கரைத் தண்ணியை ஊத்துங்க. பொங்கித் தெறிக்கும், நீளக் கரண்டி வேணும். தண்ணி ஆறியிருந்தா கட்டி தட்டும். சட்டியை விட்டுச் சுருண்டு வந்தா இறக்கலாம். குருத்வாராவுல அர்தாஸ்ங்கிற பிரார்த்தனை முடிஞ்சு கிர்பான்ங்கிற சீக்கியக் குறுவாளால தொட்டு, பஞ்ச் பியாரேங்கிற 'அஞ்சு அன்பர்கள்' பங்கை முதல்ல எடுத்து வச்ச பிறகுதான் பரிமாறுவாங்க.

மறுமொழி
ரொட்டிக்கே வர்றேன். ரெண்டு கையும் ஏந்தறப்போ தலைத்துணியைப் பிடிச்சுக்கக் கை இருக்காது. சும்மா போர்த்தினா நழுவி தால்ல விழும். முக்கோணமா மடிச்சு, பிடரியில இறுக்கி முடிச்சுப் போட்டுட்டு உட்காருங்க.